டியோலிங்க் கிட்: நொதி தளர்த்தும் பிடியை எண்ணிப் பார்க்கலாமா?

எண்டோபிளாச வலையும் மைட்டோகாண்ட்ரியாவும் 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கும் இடங்களைச் சாதாரண கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் பிரித்தறிய முடியாது. வலைப் பக்கத்து வாப்-பி புரதமும் மைட்டோகாண்ட்ரியா பக்கத்து பிடிபிஐபி51 புரதமும் கைகோத்து அந்த நெருக்கத்தைக் காக்கின்றன. ஜிஎஸ்கே-3 பீட்டா என்ற கைனேஸ் (புரதங்களில் பாஸ்பேட் சேர்க்கும்) நொதி முடுக்கம் பெற்றால் இந்தப் பிடி தளரும். அந்தத் தளர்வை அளக்க டியோலிங்க், அதாவது நெருங்கி நிற்கும் இரு புரதங்களை ஒளிப்புள்ளியாகக் காட்டும் கிட், நல்ல கருவி. ஆனால் காட்டும் புள்ளிகளை அப்படியே நம்பக் கூடாது.

இரு புரதங்கள் 40 நானோமீட்டருக்குள் இருந்தால், ஆன்டிபாடிகளில் கோத்த டிஎன்ஏ இழைகளின் மேல் ஒட்டும் இணைப்பு இழைகளை லைகேஸ் நொதி வளையமாக்கும். பாலிமரேஸ் நொதி அந்த வளையத்தைச் சுற்றிச் சுற்றி நகலெடுக்கும். ஒரு நெருக்கத்துக்கு ஒரு ஒளிப்புள்ளி.

முதன்மை ஆன்டிபாடிகள், அதாவது அந்த இரு புரதங்களையும் நேரடியாகப் பிடிப்பவை, கிட்டில் இல்லை. ஒன்று முயல், மற்றது எலி என வேறு வேறு விலங்கில் உருவானவையாக இருக்க வேண்டும். முதலில் சாதாரண ஒளிர்சாயத்தில் தனித்தனியே சோதித்துவிடுங்கள். தோல்விகளில் பெரும்பாலானவை இங்கேதான். பிறகு எல்லாம் 37 டிகிரியில்: புரோப் (டிஎன்ஏ இழை கோத்த ஆன்டிபாடி) 5-க்கு 1 வீதம் நீர்த்து 1 மணி நேரம், லைகேஸ் 40-க்கு 1 வீதம் 30 நிமிடம், பாலிமரேஸ் 80-க்கு 1 வீதம் 100 நிமிடம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மைக்ரோலிட்டர் போதும். இவ்வளவு சின்னத் துளி சட்டென்று உலரும். ஈரப்பெட்டி இல்லாவிட்டால் ஓரமெல்லாம் பொய்ப்புள்ளி. நொதிகளைக் கடைசி நொடியில் கலக்குங்கள். குழாயை உறைபெட்டிக் கட்டையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒரே ஒரு முதன்மை ஆன்டிபாடி மட்டும் இட்ட கண்ணாடித்தகடு கட்டாயம். அதிலும் புள்ளி மின்னினால் அன்றைய எண்ணிக்கை குப்பைக்கு.

ஜிஎஸ்கே-3 பீட்டா தடுப்பான் இட்ட செல்லில் புள்ளி கூடினால் உடனே பிடி இறுகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். வாப்-பியின் அளவே கூடியிருந்தாலும் புள்ளி கூடும். அதே மாதிரியில் வெஸ்டர்ன் பிளாட் (புரத அளவைக் காட்டும் சோதனை) செய்து இரு புரதங்களின் அளவும், ஜிஎஸ்கே-3 பீட்டாவின் செரின் 9 பாஸ்பேட் நிலையும் (அங்கே பாஸ்பேட் ஏறினால் நொதி அடங்கும்) பார்க்க வேண்டும். கிட் அளப்பது இரு புரதங்களின் நெருக்கத்தை, சவ்வுகளின் நெருக்கத்தை அல்ல. சவ்வு இடைவெளிக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் வழி. செல்லை நிலைப்படுத்திய பின்னரே வேலை தொடங்குவதால், நொதி நிமிடத்துக்கு நிமிடம் என்ன செய்கிறது என்பதும் இதில் தெரியாது.

புரதத்தை மிகையாக வெளிப்படுத்திய செல்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி மேகமாகிவிடும். அங்கே எண்ண முயல்வது வீண்; முதன்மை ஆன்டிபாடியை இன்னும் நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள்.