நினைவிலிருந்தா, ஒலிப்பதிவிலிருந்தா?

உளச்சிகிச்சையாளர் நோயாளியிடமிருந்து கற்க இரு வழிகள் உண்டு. அமர்வின்போது குறிப்பெடுக்காமல், எதையும் முன்கூட்டியே தேர்ந்தெடுக்காத சீரான கவனத்தோடு கேட்கும்படி 1912-இல் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்டு அறிவுறுத்தினார். எழுத வேண்டியதை அவர் மாலையில் நினைவிலிருந்தே எழுதினார். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸோ அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, 1942-இல் ஒரு சிகிச்சையின் உரையாடலை முழுமையாகவே அச்சிட்டார்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்த் தாய் "நெஞ்சு அடைக்குது" என்று சொல்லிவிட்டு மௌனமாகும்போது, அந்த மௌனத்தின் கனம் முதல் வழியில்தான் மனத்தில் தங்கும். ஆனால், சிகிச்சையாளர் அவசரப்பட்டு அதைக் 'கவலை' என்று மாற்றிச் சொல்லி அவர் பேச்சை மறித்ததை, மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தாலும், ஒலிப்பதிவுதான் காட்டிக்கொடுக்கும். நினைவு நமக்குச் சாதகமாகவே திருத்தி எழுதும் என்பதால், பயிற்சியில் இருப்பவருக்குப் பதிவே மேல் என்பேன். அதற்கு நோயாளியின் ஒப்புதல் கட்டாயம். ஒருவரையொருவர் அறிந்த வட்டாரத்தில் அது எளிதில் கிடைப்பதில்லை.