தோள்பட்டை மாடல் வாங்கினேன்: கிண்ணம் இருக்கிறது, மார்பெலும்பைக் காணோம்

படத்தைப் பார்த்துப் படித்தவரை தோள் மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை. அதனால் நிஜ அளவில் செய்த பிளாஸ்டிக் தோள் மாடல் ஒன்றை வாங்கி, ஒரு மாதமாக மேஜையில் வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எலும்புகளின் வார்ப்பு நன்றாகவே இருக்கிறது. தோள்பட்டை எலும்பில் இருக்கும் கிண்ணத்தை முதன்முறை விரலால் தடவிப் பார்த்தபோதுதான், பந்துக் கிண்ண மூட்டு என்று படித்துவிட்டு நான் கற்பனை செய்து வைத்திருந்த ஆழமெல்லாம் பொய் என்று தெரிந்தது. அது கிண்ணமே இல்லை, லேசாகக் குழிந்த சின்னத் தட்டு. மேற்கை எலும்பின் தலையில் கால்வாசி, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் அதில் படுகிறது. விளிம்பைச் சுற்றி ஓடும் குருத்து வளையத்தை நீல ரப்பரில் காட்டியிருக்கிறார்கள், அதைக் கழற்றினால் கை எலும்பு பொத்தென்று விழுகிறது. நம் உடம்பில் அதைப் பிடித்து வைப்பது இந்த வளையமும், மூட்டுறையும், எலும்போடு எலும்பைக் கட்டும் நார்களான லிகமென்ட்களும், சுற்றி அணைத்திருக்கும் 4 சுழற்சித் தசைகளும்தான். தோள் ஏன் இவ்வளவு சுலபமாக நழுவுகிறது என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.

சரி, கையைத் தூக்கலாம் என்று பார்த்தால் பாதி வழியில் டக்கென்று இடிக்கிறது. மேற்கை எலும்பின் புடைப்பு, தோள்பட்டை எலும்பிலிருந்து மேலே கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அக்ரோமியானில் போய் முட்டுகிறது. எலும்பை வெளிப்பக்கமாகத் திருப்பித் தூக்கினால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது, நாமும் நம்மை அறியாமல் அப்படித்தான் தூக்குகிறோம். ஆனால் அதற்கு மேல் போகாது, ஏனென்றால் தோள்பட்டை எலும்பைச் சட்டத்தோடு திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்கள். 180 டிகிரி தூக்கும்போது சுமார் 60 டிகிரி, விலா எலும்புகளின் மேல் வழுக்கித் திரும்பும் தோள்பட்டை எலும்பிலிருந்துதான் வர வேண்டும். இந்த மாடலில் விலாவும் இல்லை, வழுக்கலும் இல்லை.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் காறை எலும்பை என்ன செய்திருக்கிறார்கள் பாருங்கள்! அக்ரோமியானோடு சேரும் முனை அழகாக இருக்கிறது, கீழே காக்கை மூக்கு போன்ற நீட்சியிலிருந்து அதை இழுத்துப் பிடிக்கும் இரண்டு லிகமென்ட்களையும் விடவில்லை. மறுமுனையை மட்டும் அந்தரத்தில் வெட்டி விட்டுவிட்டார்கள். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் விரலை வைத்துத் தோளைக் குலுக்குங்கள், உருண்டையாக ஒன்று அசையும். காறை எலும்பு மார்பெலும்போடு சேரும் மூட்டு அது. முழுக் கையும் உடலின் நடுக்கூட்டோடு எலும்பாகச் சேருவது அந்த ஓர் இடத்தில்தான், மற்றதெல்லாம் தசையின் பிடி. அதைப் போய் விடுவார்களா?

கிண்ணத்தைப் புரிந்துகொள்ள மட்டும் என்றால் வாங்கலாம், 5க்கு 3 கொடுப்பேன். முழுத் தோளும் வேண்டுமென்றால் மார்பெலும்பும் நாலு விலாவும் சேர்ந்த மாடலாகத் தேடுங்கள். இன்னொன்று, நீல வளையத்தை அடிக்கடி கழற்றாதீர்கள், என்னுடையது மூன்றாம் வாரமே கிழிந்து இப்போது பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.