செடித் தொட்டிக்கு நைஸ் மணல் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. நன்னீர்த் தொட்டியில் செடி நடுவதற்கென்றே சலித்தெடுத்த நைஸ் மணல் என்று சொல்லி, மீன் வளர்ப்புப் பொருள்களை இணையவழியில் விற்கும் ஒரு கடை எனக்கு அனுப்பியது கிளிஞ்சல் தூள் கலந்த சுண்ணாம்பு மணல். அதை ஐயமற உறுதி செய்துவிட்டேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் அவர்கள் பேசிய விதத்தை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனெனில் இதே சொற்களை நம்பி இன்னொருவர் பணம் கட்டக்கூடாது.

எனக்குக் கோரிடோரஸ் மீன்கள் உண்டு. மீசையால் தரையைத் துழாவி இரை தேடும் அவற்றுக்குக் கூர்முனைச் சரளை ஆகாது, மென்மையான மணல்தான் ஏற்றது. கூடவே கார்டினல் டெட்ரா என்னும், சுண்ணாம்பு குறைந்த மென்னீரில் வாழும் மீன்களும் இருப்பதால், மணல் நீரின் தன்மையை மாற்றாத குவார்ட்ஸ் மணலாக இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டேன்: இந்த மணல் நீரின் கடினத்தன்மையையோ (கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற தாது உப்புகளின் அளவு) பிஹெச் என்னும் அமில-கார அளவையோ ஏற்றுமா? சில நிமிடங்களில் பதில் வந்தது. "100 சதவீதம் குவார்ட்ஸ், கவலையே வேண்டாம், எங்கள் சொந்தத் தொட்டியிலும் இதுதான்" என்று எழுதி, பச்சைக் கம்பளம் போல் செடி படர்ந்த ஒரு தொட்டியின் படத்தையும் அனுப்பினார்கள். கேட்ட கேள்விக்கு நேரான பதில், அதற்குச் சான்றாக ஒரு படம். அந்தக் கணத்தில்தான் நான் அவர்களை முழுமையாக நம்பினேன். 10 செ.மீ. உயரத்துக்குப் போட்டால்தான் வேர் பிடிக்கும் என்றார்கள்; கூடுதல் மூட்டைகள் வாங்கினேன். கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வோர்டு, வாலிஸ்னேரியா ஆகிய நீர்ச்செடிகள், வேரடியில் புதைக்கும் உர மாத்திரைகள் எல்லாவற்றையும் அவர்களிடமே வாங்கினேன். மொத்தம் அரை மாதச் சம்பளம்.

முதலில் கிரிப்டோகோரைன் இலைகள் கூழாகக் கரைந்தன. இடம் மாற்றினால் கிரிப்டோகோரைன் அப்படித்தான் கரையும் என்றார்கள். அது உண்மை, செடி வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அந்த உண்மையை வைத்தே என் வாயை அடைத்தார்கள் என்பதுதான் இப்போது நினைத்தாலும் கொதிக்கிறது. அடுத்து அமேசான் ஸ்வோர்டின் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளிறி வந்தன. பிஹெச் ஏறிய நீரில் இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் போகும்போது தெரிகிற அடையாளம் அது. கடின நீரை விரும்பும் வாலிஸ்னேரியா மட்டும் செழித்தது. டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தபோது, 3 டிகிரி இருந்த கார்பனேட் கடினத்தன்மை (சுண்ணாம்பு கரைந்தால் ஏறும் அளவு) 11 ஆகியிருந்தது, பிஹெச் 6.8-இலிருந்து 8-ஐத் தாண்டியிருந்தது. நீர் மாற்றும்போதெல்லாம் அளவு இறங்குவதும், மணல் அதை மறுபடி ஏற்றுவதுமாக, அந்த ஏற்ற இறக்கத்தில் கார்டினல்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. செடிகளுக்காக நான் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு நீரில் கார்பானிக் அமிலமாகி, சுண்ணாம்பை இன்னும் விரைவாகக் கரைத்திருக்கிறது.

வாடிய ஒரு ஸ்வோர்டைப் பிடுங்கியபோது வேர்கள் கறுத்திருந்தன, அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. அவ்வளவு நுண்ணிய மணலை 10 செ.மீ. போட்டால் அது இறுகிவிடும், அடியில் ஆக்சிஜன் எட்டாது, அந்த நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு உருவாகும். மூட்டைகளை அதிகம் விற்பதற்காகச் சொன்ன ஆழம் அது என்றே நான் நினைக்கிறேன்.

மூட்டையில் மிச்சமிருந்த மணலில் ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பி, வினிகர் விட்டேன். உடனே சீறியது. மணிகளின் ஓரங்களிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் சரம் சரமாகக் கிளம்பின. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மணிகளுக்கு இடையே பால்வெள்ளையாக, வளைந்த கிளிஞ்சல் சில்லுகள். சுண்ணாம்புதான் வினிகரில் இப்படிச் சீறும்; தூய குவார்ட்ஸ் அசையவே அசையாது.

அதன் பிறகு அவர்கள் சொன்ன சாக்குகளைக் கேளுங்கள். உங்கள் குழாய் நீரே கடினமானது என்றார்கள். அதே நீரை மணலில்லாத வாளியில் வைத்து, கார்பனேட் கடினத்தன்மை 3-லேயே மாறாமல் நிற்பதைப் படம் பிடித்து அனுப்பினேன். இரை அதிகம் போட்டிருப்பீர்கள் என்றார்கள். இரை போட்டுக் கார்பனேட் ஏறாது. குமிழி கிளம்பும் காணொளியை அனுப்பியதும், இயற்கை மணலில் கொஞ்சம் கிளிஞ்சல் இருக்கத்தான் செய்யும் என்றார்கள். அப்படியானால் 100 சதவீதம் குவார்ட்ஸ் என்றது யார்? நனைத்த மணலைத் திரும்பப் பெற முடியாது என்றார்கள். நனைக்காமல் எந்த மணலைத் தொட்டியில் போடுவது? இதற்கிடையில் விற்பனைப் பக்கத்திலிருந்து "குவார்ட்ஸ்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "இயற்கை அலங்கார மணல்" என்று மாற்றிவிட்டார்கள். நான் அளித்த புகாருக்கு "தீர்வு காணப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. என்ன தீர்வு? அரை மாதச் சம்பளத்தில் ஒரு காசு திரும்பவில்லை, செத்த மீன்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விரிவான வழிகாட்டியாகவே எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. மணல் வந்ததும் தொட்டியில் கொட்டுவதற்கு முன் வினிகர் விட்டுப் பாருங்கள். ஒரு பிடி மணலைக் கண்ணாடிக் குடுவையில் உங்கள் நீரோடு ஒரு வாரம் வைத்து, கார்பனேட் கடினத்தன்மை ஏறுகிறதா என்று அளந்து பாருங்கள். மிக நுண்ணிய மணலை எவர் சொன்னாலும் அவ்வளவு ஆழத்துக்குப் போடாதீர்கள். மூட்டையைப் பிரிப்பதைக் காணொளி எடுத்து வையுங்கள். பணம் கட்டும் முன்பே விற்பனைப் பக்கத்தையும் அவர்கள் எழுதிய பதிலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் கொடுத்த பிறகு போய்ப் பார்த்தால் அந்தச் சொல் அங்கே இருக்காது.