நேரடி ஆதாரமா, சூழ்நிலை ஆதாரமா?

தன்பால் ஈர்ப்பாளர் என்பதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்குவது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020-இல் பாஸ்டாக் வழக்கில் சொல்லிவிட்டது. சரி, அதை எப்படி நிரூபிப்பது?

கிடைப்பது: மேலாளரே காரணத்தை எழுதிய மின்னஞ்சல் போன்ற நேரடி ஆதாரம் அபூர்வம். யார் அப்படி எழுதி மாட்டிக்கொள்வார்? சூழ்நிலை ஆதாரம் தேடினால் அகப்படும்: அதுவரை நல்ல மதிப்பீடுகள், விஷயம் தெரிந்ததும் திடீர்ப் புகார்கள், அதே தவறு செய்த சக ஊழியருக்கு வெறும் எச்சரிக்கை.

வலு: முதலாவது ஒன்றே போதலாம். இரண்டாவதற்கு அதே நீதிமன்றம் 1973-இல் மெக்டானல் டக்ளஸ் வழக்கின் தீர்ப்பில் வகுத்த படிகள் உண்டு. நிறுவனம் ஒரு காரணம் சொல்லும். அது வெறும் சாக்கு என்று நீங்கள் காட்ட வேண்டும்.

மின்னஞ்சல் கையில் இருந்தால் அதையே முன்வையுங்கள். இல்லாதவர்கள் நடந்ததைத் தேதிவாரியாகக் குறித்து வையுங்கள். அப்புறம், எந்த வழியானாலும் 180 நாளுக்குள் (பல மாநிலங்களில் 300) சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தாக வேண்டும்.