அடுத்த பிரசவம்: தேதி குறித்த சிசேரியனா, வலிக்குக் காத்திருப்பதா?

முதல் குழந்தை சிசேரியன் என்றால் இரண்டாவதும் சிசேரியன்தான் என்று நம் ஊரில் பேசி முடித்துவிடுகிறார்கள். அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. வலி வரும்வரை காத்திருந்து இயல்பாகப் பெற முயலலாம். டாக்டர்கள் இதை ‘விபேக்’ என்பார்கள். இல்லையென்றால் 39 வாரம் முடிந்ததும் நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொள்ளலாம். நான் ஆபரேஷனைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் விபேக்கின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பெரிய நியாயம்.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு சிசேரியனுக்குப் பிறகு இயல்பாகப் பெற முயல்பவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது. முன்பே ஒரு சுகப்பிரசவமும் ஆகியிருந்தால் 85 முதல் 90 வரை போகும். வயிற்றில் மறுபடி கத்தி படாது, சீக்கிரம் எழுந்து நடமாடலாம். மூன்றாவது குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இன்னும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பழைய தழும்பில் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது. பிரசவத்தில் அது பிரியாமல் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், நஞ்சுக்கொடி கீழிறங்கியிருந்தவர்களில் இரண்டாவது சிசேரியனின்போது 11 சதவீதம் பேருக்கும், மூன்றாவதின்போது 40 சதவீதம் பேருக்கும் இப்படி ஒட்டியிருந்தது.

விபேக்கில் பயப்பட வேண்டியது, வலியின்போது கர்ப்பப்பையில் பழைய தையல் விட்டுப்போவது. 200 பேரில் ஒருவருக்கு அது நடக்கலாம். நாள் குறித்த ஆபரேஷனில் பத்தாயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. மருந்து கொடுத்து வலியைத் தூண்டினால் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும். தையல் விட்டால் சில நிமிடங்களில் வயிற்றைத் திறந்தாக வேண்டும். அதற்கு ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் மூன்றும் அந்த நேரத்தில் தயாராக இருக்க வேண்டும்.

என் முடிவு அங்கேதான் திரும்பியது. முதல் பிரசவத்தில் வலி வந்து, கர்ப்பப்பை வாய் ஏழு சென்டிமீட்டர் திறந்து, அதற்கு மேல் நகரவில்லை. அப்படி நின்றுபோனவர்களுக்கு அடுத்த முறை விபேக் கைகூடும் வாய்ப்பு குறைவு. குழந்தை தலைகீழாகத் திரும்பாததால் சிசேரியன் ஆனவர்களுக்கு அதிகம். போதாததற்கு, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ராத்திரியில் மயக்க மருந்து டாக்டரை வெளியிலிருந்து கூப்பிட வேண்டும். “ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா எவ்வளவு நேரத்தில் வருவார்?” என்று கேட்டேன். “அரை மணி ஆகும்மா” என்றார் சிஸ்டர். எங்களுக்கு இரண்டு குழந்தை போதும் என்பதால் நஞ்சுக்கொடி பயத்துக்கு எங்கள் கணக்கில் இடம் குறைவு. அதே ஊரில் நாலு குழந்தை ஆசைப்படும் ஒருத்திக்கு, இரவெல்லாம் டாக்டர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் விபேக் முயன்று பார் என்றுதான் சொல்வேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் எல்லாருக்கும் சிசேரியனே நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சிசேரியன் அளவு 44.9 சதவீதம், தனியாரில் மட்டும் 63.8. இத்தனை பேருக்கும் அது தேவைப்பட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை.

தேதி குறிப்பதிலும் ஒரு போராட்டம் நடந்தது. ரோகிணி நட்சத்திரத்தில் குழந்தை பிறக்கக் கூடாது என்றார் அத்தை, தாய்மாமனுக்கு ஆகாதாம். ஒரு வாரம் முன்னாலேயே வைக்கச் சொன்னார். 39 வாரத்துக்கு முன்னால் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடும். 39க்குப் பிறகும் ஆபரேஷனில் அது நூற்றுக்கு நாலைந்து; விபேக்கில் இரண்டு மூன்றுதான். “அத்தை, டாக்டர் சொன்ன வாரத்துக்குள்ள எந்த நாள் வேணும்னாலும் நீங்களே பாருங்க” என்றேன். பார்த்தார். சரி, இரண்டு பேருக்கும் நிம்மதி.

ஆபரேஷன் என்ற பெயர் ஒன்றுதான். அவசரத்தில் நடந்ததும் திட்டமிட்டு நடந்ததும் வேறு வேறு. முதல் முறை களைத்துப்போய், கையெழுத்து எதற்கென்று கூடத் தெரியாமல் ஸ்ட்ரெச்சரில் போனேன். இந்த முறை நானே நடந்து தியேட்டருக்குள் போனேன். மேஜையில் உட்கார்ந்து தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைக்கச் சொன்னார்கள். சிஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டார். முதுகில் ஸ்பிரிட்டின் சில்லிப்பு, ஊசி, அப்புறம் கால் இரண்டும் கதகதவென்று கனத்துவிட்டது. வலி இல்லை, ஆனால் உள்ளே இழுப்பதும் அமுக்குவதும் நன்றாகத் தெரியும். குமட்டலும் நடுக்கமும் வரலாம். இதை முன்கூட்டியே யாராவது சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அடுத்த சில நாட்கள் சிரமம்தான். இருமினால் தையல் மேல் தலையணையை அழுத்திக்கொள்ள வேண்டும். ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றித்தான் எழ முடியும். மூத்தவன் “அம்மா தூக்கு” என்று நிற்பான், தூக்கக் கூடாது. வீட்டில் ஆள் இல்லாதவர்கள் இதை முடிவெடுக்கும்போதே யோசிக்க வேண்டும்.

எந்த வழியை யோசித்தாலும், முதல் ஆபரேஷனின் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். வெளியே தோலில் தெரியும் தழும்பை வைத்து, உள்ளே கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் விபேக் பற்றிப் பேசலாம். மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் வலி வரும் முன்பே ஆபரேஷன்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் வெறும் ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்று மட்டும் இருக்கும். அது கீழ்ப்பகுதி சிசேரியன் என்று சொல்லும். வெட்டு நீண்டதா, கிழிந்ததா என்று சொல்லாது. முழுக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள்.