ஸ்டிக்கர் சார்ட், ஸ்கில் கார்டு, கோடு போட்ட நோட்டு: மகளின் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் எது நின்றது, எது நிற்கவில்லை

ஸ்டிக்கர் சார்ட் ஒரு பருவத் தேர்வு வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. வகுப்பில் கொடுக்கிற ஸ்கில் கார்டு இன்னும் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் பிள்ளை ஒரே இடத்தில் நின்றுபோகிற காலம் என்று ஒன்று வரும் பாருங்கள், அப்போது அந்தக் கார்டே வகுப்புக்குப் போகாமல் இருக்கக் காரணம் ஆகிவிடும். எங்கள் வீட்டில் இன்றுவரை ஓடுவது போனில் எடுக்கிற வீடியோவும், மகள் தன் கையால் எழுதுகிற ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டும்தான். இரண்டு வருடத்துக்கு மேலாக எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

மகளை ரெண்டாம் வகுப்பு படிக்கும்போது நாகர்கோவிலில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்த்தோம், இப்போது நாலாம் வகுப்பு. வாரத்துக்கு இரண்டு சாயங்காலம், ஒரு மணி நேரம். போட்டி, மாநிலத் தேர்வு என்ற எண்ணமெல்லாம் கிடையாது. உடம்பு வளைந்து நிமிர்ந்து பழகட்டும், சாயங்காலம் டிவி முன்னால் உட்காராமல் இருக்கட்டும், அவ்வளவுதான். இப்படிப் பொழுதுபோக்காக அனுப்புகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கராத்தேயில் பெல்ட் நிறம் மாறும், பரதத்துக்கு சலங்கை பூஜை, அரங்கேற்றம் என்று ஏதாவது வரும். இங்கே போட்டி இல்லையென்றால் கண்ணுக்குத் தெரிகிற மைல்கல் எதுவும் இல்லை. முதல் சில மாதம் குட்டிக்கரணமும், பின்னால் வளைந்து பாலம் மாதிரி நிற்கிற பிரிட்ஜும் வந்ததும் குதியாய்க் குதித்தவள், அப்புறம் "இன்னைக்கும் அதே கரணந்தாம்மா" என்று இழுக்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் பக்கம் வேறு கேள்வி: "பீஸ் கட்டுறோமே, என்ன படிச்சிருக்கா?" இரண்டுக்கும் பதில் சொல்ல ஏதாவது ஒரு கணக்கு தேவைப்பட்டது.

என் அப்பாவுக்கு இது சிரிப்பு. சின்ன வயதில் கல்குளம் பக்கம் ஒரு ஆசானிடம் அடிமுறை என்கிற தற்காப்புக் கலை படித்தவர். ஒற்றைச்சுவடு என்கிற அடிப்படை அடிவைப்பு உடம்பில் ஏறியதா இல்லையா என்பது ஆசான் கண்ணுக்குத் தெரியும், ஏறாமல் அடுத்த சுவடு வராது, யாரும் எழுதி வைத்ததில்லை என்பார். "மக்ளே, கார்டெல்லாம் எதுக்கு?" சரிதான், ஆனால் அவர் தினமும் களரியில், அதாவது பயிற்சிக் களத்தில், நின்றவர், கூட நாலைந்து பேர்தான். இங்கே வாரம் இரண்டு மணி நேரத்தில் ஒரு கோச் முழு கூட்டத்தையும் பார்க்கிறார். போன வாரம் என் பிள்ளையின் முழங்கால் மடங்கியதா நீட்டியதா என்று அவருக்கு நினைவிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஸ்டிக்கர் சார்ட் அக்கா சொல்லி வந்தது. ஃப்ரிட்ஜில் ஒட்டி, வகுப்புக்குப் போனால் ஒரு ஸ்டார், பத்து சேர்ந்தால் ஒரு பரிசு. ஆரம்பத்தில் பேய்த்தனமாக வேலை செய்தது. பிறகு கேள்வி மாறியது: "இன்னைக்குப் போனா ரெண்டு ஸ்டார் தருவியா?" இது எங்கள் பிள்ளையின் குணம் மட்டுமல்ல. 1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை உளவியலில் பிரபலம். ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாகப் படம் வரைகிற பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தாமாக உட்கார்ந்து வரைகிற நேரம் அந்தப் பிள்ளைகளிடம் மற்றவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. அதனால் சார்ட்டைக் கிழித்த பிறகும் பரிசை நான் நிறுத்தவில்லை. வகுப்பு முடிந்து வருகிற வழியில் எப்போதாவது பழம்பொரி வாங்கித் தருவேன், எதற்கு என்று சொல்ல மாட்டேன், நல்லா செய்த நாளில்தான் என்ற கணக்கும் வைத்துக்கொள்வதில்லை. அவளும் கேட்பதில்லை, சாப்பிடுகிறாள்.

ஸ்கில் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். முதல் நிலையில் முன்கரணம், பிரிட்ஜ், பென்சில் போல உருளுதல் இப்படி; அடுத்ததில் பின்கரணம், கார்ட்வீல் (பக்கவாட்டில் கையூன்றிச் சக்கரம் போலச் சுழல்வது), சுவரோடு ஹேண்ட்ஸ்டாண்ட் (தலைகீழாகக் கையில் நிற்பது); அதற்கு மேலே ரவுண்ட் ஆஃப் (கார்ட்வீல் மாதிரிப் போய் இரண்டு காலையும் சேர்த்து இறங்குவது), பீம் என்கிற ஒடுங்கின கட்டைமேல் நடை என்று போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், செய்தால் சீல். இதில் உண்மையாகவே நல்லது இரண்டு. ஒன்று, அடுத்து என்ன வரப்போகிறது என்று பிள்ளைக்குத் தெரிகிறது. இன்னொன்று, பெற்றோருக்குப் பெயர்கள் பழகுகின்றன. கோச்சிடம் பேச ஒரு மொழி கிடைக்கிறது.

கெட்டது என்னவென்றால், ஒரு கட்டத்துக்கு சீல் உண்டு அல்லது இல்லை, நடுவில் ஒன்றுமே இல்லை. மகளுக்குப் பின்கரணம் வராமல் மாதக்கணக்கில் நின்றது. அந்த மாதங்களில் அவள் ஒன்றும் கற்கவில்லை என்று கார்டு சொல்கிறது, ஆனால் நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவரைக்கும் வாரா வாரம் ஏதோ மாறிக்கொண்டுதான் இருந்தது. மறுபக்கம், எழுந்திருக்கும்போது கையைத் தரையில் ஊன்றி எழுந்த முன்கரணத்துக்கும் சீல் விழுந்திருக்கிறது. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் "எங்க பொண்ணு லெவல் 3" என்று கார்டு போட்டோ வர ஆரம்பித்ததும் கதை கெட்டது, "அவளுக்கு வச்சாச்சு, எனக்கு மட்டும் சீல் இல்ல, நான் வரல" என்று கண்ணைக் கசக்கினாள். லெவல் டெஸ்டுக்குத் தனி பீஸ் வேறு. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல விரும்பவில்லை, கட்டினேன், எரிச்சலோடு கட்டினேன்.

அப்போதுதான் கோச் மிஸ்ஸிடம், பின்கரணத்தைத் துண்டு துண்டாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் அங்கேயே நின்று சொல்லிவிட்டார்: தாடை நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும், உருளும்போது உள்ளங்கை இரண்டும் காதருகே, விரல்கள் தோள் பக்கம் பார்த்து, முதலில் சரிவான மெத்தையில் மேலிருந்து கீழாக, கழுத்தில் பாரம் இறங்காமல் கை தள்ள வேண்டும், அப்புறம்தான் சமதரை, கடைசியில் முழங்கால் ஊன்றாமல் பாதத்தில் எழுந்து நிற்பது. ஒரே கட்டம் ஆறு படியாகிவிட்டது. அதில் நாலு படி ஏற்கனவே அவளுக்கு வந்திருந்தது! அன்று வீட்டுக்கு வந்து நோட்டில் அந்த நாலுக்கும் அவளே டிக் போட்டாள், மறுவாரம் இழுக்காமல் கிளம்பினாள். கார்ட்வீலுக்கும் இதே வழிதான்: தரையில் கிடக்கிற கயிற்றைத் தாண்டிக் கையூன்றிக் குதிப்பது, ஒரு கைக்கு அப்புறம் மறு கை, கால் நீட்டுவது, பிறகு இடது பக்கம். இடது பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நாங்கள் எடுத்தோம், அதற்கே தனியாக ஒரு பக்கம் இருக்கிறது.

நோட்டில் ஒவ்வொரு வித்தைக்கும் இரண்டு பத்தி வைத்தது, பெரிய போட்டிகளில் மதிப்பெண் போடும் முறையைப் பார்த்து வந்த யோசனை. 2006-லிருந்து சர்வதேசப் போட்டிகளில், செய்கிற வித்தை எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு மதிப்பெண், அதை எவ்வளவு சுத்தமாகச் செய்தார்கள் என்பதற்கு இன்னொன்று. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நம்ம நாட்டு தீபா கர்மாகர், ஓடிவந்து மேசை மாதிரி ஒன்றில் கையூன்றித் தாவுகிற வால்ட் இறுதிச்சுற்றில் 15.066 எடுத்து நாலாவதாக வந்தாரே, வெண்கலத்துக்கு 0.150 குறைவு, அதுவும் இந்த இரண்டையும் கூட்டித்தான். எங்கள் நோட்டில் முதல் பத்தி "என்ன செய்தேன்", அடுத்தது "எப்படிச் செய்தேன்". ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டோம். அங்கே சுத்தத்துக்குப் பத்தில் தொடங்கி தப்புக்கு 0.1, 0.3, 0.5 என்று கழிப்பார்கள், விழுந்தால் 1 போய்விடும். எட்டு வயதுப் பிள்ளையிடம் கழித்தல் கணக்கு வேண்டாம், அழுதுவிடும். இரண்டாவது பத்தியில் போன தடவையை விட மாறியது மட்டும்தான் எழுத வேண்டும். "முட்டி மடங்கல", "கை வேர்த்து வழுக்கிட்டு", "மிஸ் பிடிக்காமலே" இப்படி அவள் பாஷையில், அவள் எழுத்துப்பிழையோடு. நான் திருத்துவதில்லை, நான் எழுதிக் கொடுப்பதும் இல்லை. ஒரு தடவை நான் எழுதிய பக்கத்தை அவள் திரும்பப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நோட்டில் எண்கள் வருகிற இடம் மூன்றுதான்: பாரில் தொங்கும் விநாடி, மல்லாந்து படுத்து தோளும் காலும் தூக்கி நிற்கும் விநாடி, சுவரைப் பார்த்து ஹேண்ட்ஸ்டாண்ட் நிற்கும் விநாடி. வித்தை வராமல் நிற்கிற மாதங்களில்கூட இவை மெதுவாக ஏறும், அதனால் பிள்ளைக்கு ஒரு பிடிமானம். பாரில் தொங்குவது மட்டும் நம்ம ஊர் புழுக்கத்தில் அப்படியே கீழே இறங்கும், கை வேர்க்கிறது. வகுப்பில் கை வழுக்காமல் இருக்க மெக்னீசியம் கார்பனேட் பொடி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் வேர்க்கிற நாள் வேர்க்கிற நாள்தான்.

இன்னொரு வரி, உயரம். கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு நோட்டிலும் எழுதி வைக்கிறோம். இந்த வயதுப் பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள், சில சமயம் கடகடவென்று. போன வருடக் கோடை விடுமுறைக்குப் பிறகு நன்றாக வந்துகொண்டிருந்த கார்ட்வீல் திடீரென்று சரிந்தது. கோடு போட்டுப் பார்த்தால் ஆள் நீண்டிருக்கிறாள். கால் நீண்டால் பாரம் நிற்கிற இடமும் மாறும், உடம்பு மறுபடி பழக வேண்டும். "உனக்கு மறந்துபோகல, நீ வளந்துட்டே" என்று கதவைக் காட்டியதும் முகம் தெளிந்தது. அதுபோல நம்ம மாவட்டத்தில் வகுப்பு நின்று நின்றுதான் நடக்கும். ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை, இரண்டும் நமக்கு உண்டே. பிறகு கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் தேர், பரீட்சை. இடைவெளிக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் நோட்டைத் திறப்பதே இல்லை என்று வைத்துக்கொண்டோம். அந்த வாரங்களில் எழுதினால் எல்லாமே பின்னால் போனதாகத்தான் தெரியும்.

வீடியோவுக்கு ஒரே விதி: மாதம் ஒருமுறை, அதே இடம், பக்கவாட்டிலிருந்து, அதே தூரம். கோணம் மாறினால் ஒப்பிட முடியாது. ஸ்லோ மோஷனில் எடுத்தால் முழங்கால் எங்கே மடங்குகிறது என்று அவளே கண்டுபிடிக்கிறாள், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் முந்தைய கார்ட்வீலைப் போட்டுக் காட்டினேன், "ஐயே, இது நானா, தவளை மாதிரி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். மற்ற பிள்ளைகளின் வீடியோவைக் காட்டுவதில்லை. இவள் வீடியோவும் குடும்பத்துக்கு வெளியே போகாது. வகுப்பில் ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று எழுதியே கொடுத்திருக்கிறேன். லியோடார்ட் என்கிற உடம்போடு ஒட்டிய ஜிம்னாஸ்டிக்ஸ் உடை போட்ட சின்னப் பிள்ளைகளின் வீடியோ யார் யார் போனுக்கோ போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எக்செல், மொபைல் ஆப் இரண்டையும் வீட்டுக்காரர் கொண்டுவந்தார். அழகான கிராஃப் வந்தது, பார்த்தது அவர் மட்டும்தான்.

செலவில்லாத ஒரு விஷயம்: போட்டிக்கான பீம் 5 மீட்டர் நீளம், 125 சென்டிமீட்டர் உயரம், அகலம் வெறும் 10 சென்டிமீட்டர். அந்த அகலத்துக்கு ஹால் தரையில் இரண்டு கோடாக இன்சுலேஷன் டேப் ஒட்டினோம். சமையலறைக்குத் தண்ணி குடிக்கப் போகும்போதுகூட அதன்மேல்தான் நடக்கிறாள். வகுப்பில் தாழ்வான பீமில் ஏறப் பயந்துகொண்டிருந்தவளுக்கு அந்தப் பயம் போனதற்கு இந்த டேப்தான் காரணம் என்று நினைக்கிறேன். தம்பிக்காரனும் பின்னாலேயே நடக்கிறான். கரணம், பின்வளைவு எதையும் வீட்டில் செய்ய விடுவதில்லை, அது மெத்தையும் கோச்சும் இருக்கிற இடத்தில்தான். மணிக்கட்டு வலிக்கிறது என்று சொன்னால் அந்த வாரம் கையூன்றுகிற எல்லாவற்றுக்கும் லீவு.

புதிதாகச் சேர்க்கிறவர்கள் ஹாலைச் சுற்றிப் பார்க்கும்போதே இதெல்லாம் கேட்டுவிடுங்கள்: ஒரு வித்தையைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்வீர்களா, பிள்ளை நின்றுபோனால் என்ன செய்வீர்கள், பிள்ளை ஸ்பிளிட்ஸில் காலை விரித்து உட்காரும்போது மேலே உட்கார்ந்து அழுத்துவீர்களா. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அப்படியே வண்டியைத் திருப்புங்கள். முதல் இரண்டுக்குப் பதில் சொல்லாமல் லியோடார்ட் அளவு கேட்கிற இடமாக இருந்தால் பீஸ் கட்டும் முன் இன்னொரு வகுப்பையும் போய்ப் பாருங்கள்.