கான் நகரத்து இரண்டு மடாலயங்கள்: வில்லியமைப் பார்க்க நான் சொல்லும் இடம்

இங்கிலாந்தை வென்ற நார்மன் அரசர் வில்லியமைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்துக்குப் போகிறார்கள். இல்லையென்றால் பாயோ நகரத்தின் பெயரால் அறியப்படும் ஏறக்குறைய 70 மீட்டர் நீளப் பூவேலைத் துணியைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டுமே அவர் இங்கிலாந்தை வென்ற 1066-ஐச் சொல்பவை. அவருக்கு அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாழ்க்கை இருந்தது. அது முழுதாகத் தெரியவேண்டுமானால் நார்மண்டியில் உள்ள கான் நகரத்துக்குத்தான் போகவேண்டும். பாரிஸின் சேன் லாசார் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அவர் கட்டிய ஆண்கள் மடம், மனைவி மட்டில்டா கட்டிய பெண்கள் மடம், நடுவே கோட்டை. மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

முதலில் பெண்கள் மடத்துக்குப் போங்கள். மட்டில்டா ஃபிளாண்டர்ஸ் கோமகனின் மகள். இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று 1049-ல் ரேம்ஸ் நகரில் கூடிய திருச்சபை மாமன்றம் தடை விதித்தது. அவர்கள் கேட்கவில்லை, கட்டிக்கொண்டார்கள். பத்து வருடம் கழித்துத் திருச்சபை இறங்கி வந்தபோது, பரிகாரமாக ஆளுக்கொரு மடம் கட்டினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பெண்கள் மடத்துக் கோயில் 1066 ஜூன் மாதம் அபிஷேகம் செய்யப்பட்டது. அன்றே தங்கள் சிறு மகள் செசிலியாவையும் மடத்துக்கு ஒப்படைத்தார்கள். படையெடுப்புக்கு இன்னும் சில மாதங்களே இருந்த நேரம் அது. மட்டில்டா 1083-ல் இறந்தார். அவருடைய கருங்கல் பலகை பலிபீடத்துக்கு அருகில் அந்தக் காலத்து எழுத்தோடு இன்றும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கணவரின் கல்லறைக்குப் போனால்தான் வித்தியாசம் உறைக்கும்.

கோட்டை பெரியது. 1060 வாக்கில் வில்லியம் தொடங்கியது. மதில் மேல் நடக்கலாம், ஊர் நன்றாகத் தெரியும். பிரதான கோபுரத்தின் அடித்தளம் மட்டும்தான் மிச்சம், மற்றதைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இடித்துவிட்டார்கள். உள்ளே இரண்டு அருங்காட்சியகங்கள் உண்டு. நேரம் குறைவென்றால் அவற்றை விட்டுவிடலாம்.

ஆண்கள் மடத்துக் கோயிலின் பெயர் சேன்ட் எத்தியென். முன்புறம் அலங்காரமே இல்லாத உயர்ந்த சுவர், இரண்டு கோபுரங்கள். மேலே கூர்நுனிகளை 13-ஆம் நூற்றாண்டில்தான் வைத்தார்கள். உள்ளே நுழைந்ததும் வட்ட வளைவுகள் மூன்று அடுக்காக ஏறிப்போகின்றன. எல்லாம் வெளிர் மஞ்சள் நிறக் கான் கல். இதே கல்லைக் கப்பலில் ஏற்றி லண்டன் வெள்ளைக் கோபுரத்து வேலைக்கும் கொண்டுபோனார்கள். 1944-ல் கான் மீது குண்டு விழுந்தபோது ஆயிரக்கணக்கான மக்கள் இந்தக் கோயிலிலும் மடத்திலும்தான் தஞ்சம் புகுந்தார்கள். அந்தச் செய்தி தெரிந்த பிறகு தூண்களை வேறு கண்ணோடு பார்த்தேன்.

வில்லியமின் கல்லறை என்பது பலிபீடத்துக்கு முன்னால் தரையில் பதித்த ஒரு வெள்ளைப் பளிங்குப் பலகை. ‘வெல்லப்படாத’ வில்லியம், நார்மண்டியின் கோமகன், இங்கிலாந்தின் அரசர், இந்த மடத்தை நிறுவியவர் என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். அதனால் எனக்கு வில்லியம் என்றால் ஹேஸ்டிங்ஸைவிட அவர் இங்கிலாந்துக்கு எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே பதிவேடுதான் முதலில் நினைவுக்கு வரும். 1085 கிறிஸ்துமஸில் உத்தரவு, 1086-ல் ஆய்வு. 13,000-க்கும் மேற்பட்ட ஊர்கள். முன்பு யார் கையில் இருந்தது, இப்போது யார் கையில், எத்தனை ஏர், எத்தனை ஆலை, மதிப்பு என்ன, எல்லாம் எழுதினார்கள். யார்க்‌ஷயர் பக்கங்களில் ஊர் ஊராகப் ‘பாழ்’ என்று வருகிறது. 1069–70 குளிர்காலத்தில் அவருடைய படை இங்கிலாந்தின் வடக்கே எரித்தழித்ததன் தடம் அதில் இருக்கிறது. தான் செய்த நாசத்தையும் தன் பதிவேட்டிலேயே ஏற்றிவைத்த அரசர்.

அடுத்த வருடம், 1087 செப்டம்பர் 9 அன்று, நார்மண்டியின் ருவான் நகரில் இறந்தார். பிரபுக்கள் அவரவர் சொத்தைக் காக்க ஓடினார்கள். வேலையாட்கள் அறையில் இருந்ததைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். உடலைக் கானுக்குக் கொண்டுவரும் செலவை ஒரு கிராமத்து வீரர் ஏற்றார். உயிரோடிருந்த மூன்று மகன்களில் கடைசி மகன் ஹென்றி மட்டும் அடக்கத்துக்கு வந்திருந்தார். குழியில் இறக்கும் நேரத்தில் அஸ்லின் என்பவர் எழுந்து, இது என் அப்பாவின் நிலம், இந்த மனிதர் பிடுங்கிக்கொண்டார், இங்கே புதைக்கக் கூடாது என்றார். ஆயர்கள் அக்கம்பக்கத்தாரை விசாரித்தார்கள். சொன்னது உண்மை என்று தெரிந்தது. அங்கேயே குழிக்கு 60 ஷில்லிங் கொடுத்து, மீதி நிலத்துக்கும் ஈடு தருவதாகச் சொன்ன பிறகுதான் அடக்கம் நடந்தது. கல் பெட்டி சிறியதாக இருந்ததால் உடல் வெடித்து நாற்றம் தாங்காமல் எல்லோரும் அவசரமாக முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி இதையெல்லாம் எழுதிவைத்தார். ஒரு ராஜ்ஜியத்துக்கே நிலக் கணக்கு எடுத்தவரின் குழி மீதே உரிமைத் தாவா இருந்திருக்கிறது. என் பணிக்காலத்தில் எத்தனையோ நிலத் தகராறுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அஸ்லினின் துணிச்சல் எனக்குப் பெரிய விஷயமாகவே தெரிகிறது. பிறகு 1562-ல் மதக் கலவரத்தில் கல்லறையைச் சூறையாடினார்கள். ஒரு தொடை எலும்புதான் தப்பியதாகச் சொல்கிறார்கள். 1642-ல் புதிய கல்லறை வைத்தார்கள். புரட்சியில் அதுவும் போனது.

இந்தக் கதை தெரியாமல் போனால் பலகையைத் தாண்டி இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். எனவே போவதற்கு முன் கொஞ்சம் வாசித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நார்மண்டி முழுவதையும் காட்டும் பேருந்துச் சுற்றுலாவில் இதைச் சேர்க்காதீர்கள். என் மகளுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி வந்து, கோயிலின் வாசலைப் படம் எடுத்ததோடு திரும்பியது.

கோயிலுக்குக் கட்டணம் இல்லை. இன்றும் வழிபாடு நடக்கும் பங்குக் கோயில் என்பதால் பூசை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். பக்கத்து மடக் கட்டடம் இப்போது நகராட்சி அலுவலகம். அதன் உள்ளறைகளை வழிகாட்டியோடு பார்க்க விரும்பினால், ஆங்கிலத்தில் விளக்கம் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். எங்களுக்கு மகள் பிரெஞ்சிலிருந்து சொல்லிச் சொல்லி வந்தாள், அதனால் சமாளித்தோம். மதிப்பெண் கேட்டால் கோயிலுக்கு ஐந்துக்கு ஐந்து, கோட்டைக்கு மூன்று. பெண்கள் மடத்துக்கும் ஐந்து, அந்தக் கருங்கல் பலகைக்காகவே.